உயிர்க்குறிகளைப் பார்த்து அரபியும் எபிரேயமும் வாசிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தமிழில் 'க' என்று எழுதினால் அகரம் அதற்குள்ளேயே இருக்கிறது. அகரம் வேண்டாம் என்றால் புள்ளி வைக்கிறோம். அரபியிலும் எபிரேயத்திலும் கணக்கு வேறு. குறி இல்லாத எழுத்து மெய்யை மட்டும் சொல்கிறது. அதன்பின் எந்த உயிர் வருகிறது, உயிர் வருகிறதா இல்லையா என்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இந்த மொழிகளைப் படிக்கத் தொடங்கும் தமிழர் செய்யும் முதல் பிழை, வெறும் எழுத்தைக் கண்டவுடன் அகரத்தைச் சேர்த்து வாசித்துவிடுவதுதான்.

அரபியில் அய்ன், லாம், மீம் என்ற மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். குறிகளை மாற்றினால் இல்ம் (அறிவு), அலம் (கொடி), அலிம (அறிந்தான்), உலிம (அறியப்பட்டது), அல்லம (கற்பித்தான்) என ஐந்து சொற்கள் கிடைக்கும். எபிரேயத்தில் ஸாமெக், பே, ரேஷ் என்ற மூன்றும் அப்படியே: ஸேஃபெர் (நூல்), ஸாஃபர் (எண்ணினான்), ஸப்பார் (முடிதிருத்துபவர்), ஸிப்பேர் (கதை சொன்னான்). எழுத்துகள் ஒன்றே. வேறுபாடு முழுவதும் மேலும் கீழும் உள்ளேயும் வைக்கும் சிறு குறிகளில் இருக்கிறது. அரபியில் இவற்றுக்கு ஹரகத் என்று பெயர், எபிரேயத்தில் நிக்குத்.

குறிகள் எப்போது வந்தன

எழுத்துகள் முந்தியவை, குறிகள் பிந்தியவை. குர்ஆன் பிரதிகளில் உயிர்களைக் காட்ட வேறு நிற மையில் புள்ளி வைக்கும் முறையை 688-இல் மறைந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ தொடங்கினார் என்பது மரபு. மேலே புள்ளி அகரம், கீழே இகரம், எழுத்தின் முன்பக்கம் உகரம். 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவின் இலக்கண அறிஞர் கலீல் இப்னு அஹ்மத் புள்ளிகளை விட்டு, இன்று நாம் காணும் கோடு, சிறு வாவ் வடிவங்களைக் கொண்டுவந்தார் என்பார்கள்.

எபிரேயத்தில் பாபிலோன், பாலஸ்தீனம், திபேரியா என மூன்று குறி முறைகள் இருந்தன. கலிலேயக் கடற்கரை நகரான திபேரியாவில், எபிரேய விவிலியப் பாடத்தைக் காத்துவந்த மசோரெத்து அறிஞர்கள் வகுத்ததே நிலைத்தது. எபிரேய விவிலியக் கையெழுத்துப் பிரதிகளான அலெப்போ பிரதி (சுமார் 930), லெனின்கிராட் பிரதி (1008-09) இரண்டும் அந்த முறையில் குறியிட்டவை. திபேரியக் குறிகள் ஏழு உயிரொலிகளைக் குறிக்க உண்டானவை. இன்றைய இஸ்ரேலிய எபிரேயத்தில் இருப்பதோ ஐந்து. ஒரே ஒலிக்கு இரண்டு குறிகள் இருப்பது இதனால்தான். கீழே எபிரேயப் பகுதியில் வரும் குழப்பங்களில் பாதிக்கு இதுவே காரணம்.

அரபி: படிப்படியாக

அரபியில் உயிர்கள் மூன்றே: அ, இ, உ. ஒவ்வொன்றுக்கும் குறிலும் நெடிலும் உண்டு. அதனால் அரபியிலிருந்து தொடங்குவது எளிது.

படி 1. மூன்று அடிப்படைக் குறிகள். எழுத்தின் மேலே சாய்ந்த சிறு கோடு ஃபத்ஹா, அது அகரம். அதே கோடு கீழே வந்தால் கஸ்ரா, அது இகரம். மேலே சிறு வாவ் போன்ற சுழி ளம்மா, அது உகரம். உருது வழியில் ஓதப் பழகியவர்கள் இவற்றை ஜபர், ஜேர், பேஷ் என்பார்கள். பெயர்தான் வேறு, குறிகள் ஒன்றே. வாசிக்கும் வரிசை எப்போதும் எழுத்து முதலில், குறி அடுத்து. 'கெ', 'கே' எழுதும்போது தமிழில் குறி முன்னால் நிற்கும். இங்கே அந்தச் சிக்கல் இல்லை.

படி 2. ஸுகூன். மேலே சிறு வட்டம். தமிழின் புள்ளி செய்யும் அதே வேலை: உயிர் இல்லை.

படி 3. நெடில். ஃபத்ஹாவுக்குப் பின் அலிஃப், கஸ்ராவுக்குப் பின் யா, ளம்மாவுக்குப் பின் வாவ் வந்தால் முந்தைய உயிர் நீளும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்ற மாத்திரைக் கணக்கு தமிழர் காதுக்குப் பழகியது. அரபியின் இயல்பான நீட்சியும் இரண்டே. ஆனால் ஃபத்ஹாவுக்குப் பின் ஸுகூன் பெற்ற யா வந்தால் 'அய்', வாவ் வந்தால் 'அவ்'. 'பைத்' (வீடு) என்பதை 'பீத்' என்று வாசிப்பவர் யாவைப் பார்த்திருக்கிறார், அதன் முன்னெழுத்தின் குறியைப் பார்க்கவில்லை. அலிஃப் எழுதாமல், மேலே நிமிர்ந்த சிறு கோட்டால் மட்டும் ஆகாரத்தைக் காட்டும் சொற்களும் உண்டு: ஹாதா (இது), லாகின் (ஆனால்). அன்றாட அச்சில் அந்தக் கோடும் விடுபடும் என்பதால் இத்தகைய சில சொற்களை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

படி 4. ஷத்தா. சிறிய பல்போன்ற வளைவு. ஷீன் எழுத்தின் தலையிலிருந்து வந்தது. எழுத்து இரட்டிக்கிறது: முதலாவது உயிரின்றி, இரண்டாவது உயிரோடு. தமிழில் ஒற்று மிகுவதைப் போலவே நின்று ஒலிக்க வேண்டும்.

படி 5. தன்வீன். சொல்லின் இறுதிக் குறி இரட்டையாக வந்தால் அத்துடன் 'ன்' சேரும்: அன், இன், உன். 'அன்'னுக்குப் பின் பெரும்பாலும் ஓர் அலிஃப் நிற்கும். தொடர்ந்து வாசிக்கும்போது அந்த அலிஃப் ஒலிக்காது.

படி 6. 'அல்' என்ற முன்னொட்டு. அடுத்த எழுத்தின்மேல் ஷத்தா இருந்தால் லாம் ஒலிக்காது: அஷ்ஷம்ஸ் (சூரியன்). லாமின்மேல் ஸுகூன் இருந்தால் ஒலிக்கும்: அல்கமர் (நிலா). 28 எழுத்துகளில் 14 ஒரு பக்கம், 14 மறு பக்கம்.

படி 7. நிறுத்தம். வாக்கியத்தை எங்கே நிறுத்துகிறோமோ அங்கே கடைசிக் குறில் விழுந்துவிடும். கிதாபுன் என்பது கிதாப் ஆகும். 'கிதாபன்' மட்டும் கிதாபா என்று நீளும். வட்டமாக முடியும் தா, நிறுத்தும்போது 'ஹ்' ஆகும்: மத்ரஸத்துன் என்பது மத்ரஸஹ். அச்சில் குறி இருந்தாலும் விட வேண்டிய இடம் இது.

ஒரு சொல்லை எடுத்துப் பார்ப்போம்: ஆசிரியரைக் குறிக்கும் 'முதர்ரிஸுன்'. மீமின்மேல் ளம்மா: மு. தாலின்மேல் ஃபத்ஹா: த ('பந்து'வின் த). ராவின்மேல் ஷத்தா, அந்த ஷத்தாவுக்கு அடியில், ஆனால் எழுத்துக்கு மேலே, ஒரு சாய்ந்த கோடு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கோடு எழுத்துக்கு மேலே நிற்பதால் ஃபத்ஹா என்று எண்ணி 'முதர்ரஸுன்' என்று வாசித்தால் பொருள் 'கற்பிக்கப்பட்டவர்' என்று கவிழ்ந்துவிடும். விதி இதுதான்: ஷத்தா இருக்கும் இடத்தில் கோட்டை எழுத்தோடு ஒப்பிடாமல் ஷத்தாவோடு ஒப்பிடுங்கள். ஷத்தாவுக்கு மேலே என்றால் அகரம், கீழே என்றால் இகரம். குர்ஆன் அச்சுகளில் கஸ்ரா பெரும்பாலும் எழுத்துக்கு அடியிலேயே வருவதால், குர்ஆன் மட்டும் ஓதிப் பழகியவர் பாடநூல் அரபிக்கு வரும்போது இந்தப் பிழை அதிகம் நேர்கிறது. கடைசியாக ஸீன்மேல் இரட்டை ளம்மா: ஸுன்.

எந்த அச்சு உங்கள் கையில்?

மதீனாவில் 1984-இல் தொடங்கிய மன்னர் ஃபஹ்து அச்சகத்தின் பிரதிக்கும், இந்தியா, பாகிஸ்தானில் வழங்கும் பிரதிக்கும் குறியிடும் மரபு வேறு. சொல் ஒன்றே, ஓதும் முறை ஒன்றே, காட்டும் விதம் மட்டும் மாறுகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் இரண்டும் இருப்பதால் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

மதீனா அச்சில் நெடிலைக் காட்டும் வாவும் யாவும் குறியின்றி இருக்கும். இந்திய அச்சில் அவற்றின்மேல் ஸுகூன் இருக்கும். மதீனா அச்சில் சிறு வட்டம் ஸுகூனைக் குறிப்பதில்லை: அந்த எழுத்து ஒலிக்காது என்று அர்த்தம். அங்கே ஸுகூனுக்குப் புள்ளியில்லாத சிறிய 'கா' எழுத்தின் தலையைப் போட்டிருப்பார்கள். ஒரு பிரதியில் பழகிவிட்டு மற்றதைத் திறக்கும்போது தடுமாறுவது இந்த வட்டத்தால்தான். 'லஹூ' போன்ற சொல்லின் ஊகாரத்தை மதீனா அச்சு ஒரு சிறு வாவைப் பக்கத்தில் வைத்துக் காட்டும். இந்திய அச்சு ளம்மாவைத் தலைகீழாகப் போட்டுக் காட்டும். நூன் எழுத்தின்மேல் எந்தக் குறியும் இல்லாமல் மதீனா அச்சில் வந்தால், அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம். அந்த நூன் அடுத்த எழுத்தோடு கலக்க அல்லது மூக்கொலியாக மறைய வேண்டும் என்பதே அதன் பொருள்.

சொல்லின் தொடக்கத்தில் வரும் இணைப்பு அலிஃபை மதீனா அச்சு அதன்மேல் ஒரு சிறு ஸாத் தலை வைத்துக் காட்டும். முன்சொல்லோடு சேர்த்து ஓதும்போது அது ஒலிக்காது. அந்தச் சொல்லிலிருந்தே தொடங்க நேர்ந்தால் எந்த உயிர் போடுவது? 'அல்' என்றால் அகரம். ஏவல் வினை என்றால் அலிஃபையும் சேர்த்து மூன்றாவது எழுத்தைப் பாருங்கள்: அதில் ளம்மா இருந்தால் பொதுவாக உகரம் (உத்குல், நுழை), மற்றபடி இகரம் (இஃப்தஹ், திற, இஜ்லிஸ், உட்கார்).

தமிழ் நாக்கு செய்யும் பிழைகள்

குறிகளைச் சரியாக அடையாளம் கண்டபின்னும் ஒலியில் தவறு வருவது உண்டு. அது தமிழின் பழக்கம் அரபிக்குள் நுழைவதால் நேர்வது. நான்கு இடங்களில் குறிப்பாகக் கவனியுங்கள்.

முதலாவது, இல்லாத உகரம். மெய்யில் முடியும் சொல்லுக்கு உகரம் சேர்ப்பது நம் வழக்கம்: கித்தாபு, இல்மு, ஷத்து, மத்து. பேச்சுத் தமிழில் இதில் குற்றமில்லை. அரபியில் ஓதும்போது அது இல்லாத ஒரு ளம்மாவைச் சேர்ப்பதாகும். ளம்மா வேற்றுமையையே மாற்றும்.

இரண்டாவது, இருக்கும் உகரத்தைக் குறைப்பது. 'பாட்டு', 'காது' என்பவற்றின் இறுதியில் உதடு குவியாத குற்றியலுகரம் ஒலிக்கிறோம். அரபியில் ளம்மா எங்கே வந்தாலும் உதடு முழுதாகக் குவிய வேண்டும். மேலே சொன்ன முதல் பிழையும் இதுவும் ஒரே வேரிலிருந்து வருகின்றன, ஆனால் திருத்த வேண்டிய திசை எதிரெதிர். ஸுகூன் கண்டால் உதட்டை அசைக்காதீர்கள். ளம்மா கண்டால் குவியுங்கள்.

மூன்றாவது, உடம்படுமெய். இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வந்தால் தமிழ் யகரமோ வகரமோ இடும். அரபியில் அந்த இடத்தில் ஹம்ஸா இருக்கும். தொண்டையில் ஒரு கணம் அடைத்துத் திறக்க வேண்டும். ஸுகூன் பெற்ற ஹம்ஸாவை நெடிலாக்குவதும் இதே வகைப் பிழை: முஃமின் என்பதன் நடுவில் இருப்பது அடைப்பு, நீட்சி அன்று.

நான்காவது, கனத்த எழுத்துகள். ஸாத், ளாத், தா, ழா, கா, கைன், காஃப் என்ற ஏழு எழுத்துகளுடன் ஃபத்ஹா வரும்போது அகரம் பின்வாயில் கனத்து ஒலிக்கும். அதை 'ஒ' என்று ஆக்கிவிடக் கூடாது. நாக்கின் பின்பகுதி உயர வேண்டும், உதடு குவியக் கூடாது.

அரபியில் எ, ஒ இல்லை என்பதால், தமிழை அரபி எழுத்தில் எழுதிய அர்வி மரபு அந்த ஒலிகளுக்குத் தனிக் குறிகளைச் சேர்த்துக்கொண்டது. பழைய அர்வி ஏடுகளை வாசிக்க விரும்புவோர் வழக்கமான மூன்று குறிகளோடு அந்தக் கூடுதல் குறிகளையும் தனியே பட்டியலிட்டுக்கொள்வது நல்லது.

எபிரேயம்: படிப்படியாக

இங்கே குறிகள் அதிகம், விதிவிலக்குகளும் அதிகம். ஒவ்வோர் எழுத்திலும் இந்த வரிசையில் பாருங்கள்: எழுத்து எது, உள்ளே புள்ளி உண்டா, கீழே அல்லது மேலே என்ன குறி, அடுத்து வருவது ஒலிக்கும் எழுத்தா ஒலிக்காத எழுத்தா.

படி 1. உள்ளிருக்கும் புள்ளி, தகேஷ். இன்றைய பேச்சில் மூன்று எழுத்துகளின் ஒலியை இது மாற்றும். பெத்: புள்ளியோடு 'அம்பு'வின் ப, இல்லாமல் வ. காஃப்: புள்ளியோடு க, இல்லாமல் தொண்டையில் உரசும் ஹ. பே: புள்ளியோடு ப, இல்லாமல் ஃப. மற்ற எழுத்துகளில் தகேஷ் இருந்தாலும் இன்றைய இஸ்ரேலியப் பேச்சில் ஒலி மாறாது. பழைய மரபில் அது பெரும்பாலும் இரட்டிப்பு. அஷ்கெனாசி (ஐரோப்பிய யூதர்) மரபில் தாவ் புள்ளி இல்லாமல் ஸ் ஆகும், ஆகவேதான் ஷப்பாத், ஷாபஸ் என இருவிதமாகவும் கேட்கிறோம். ஷின் எழுத்தில் மட்டும் மேல்புள்ளியைக் கவனியுங்கள்: வலக்கொம்பில் இருந்தால் ஷ, இடக்கொம்பில் இருந்தால் ஸ. சொல்லிறுதி ஹேயின் உள்ளே புள்ளி இருந்தால் அந்த ஹே ஒலிக்கும், இல்லையேல் மௌனம்.

படி 2. உயிர்க்குறிகள். கீழே படுத்த கோடு பத்தாஹ், ஆங்கில T போன்ற சிறு வடிவம் கமத்ஸ்: இரண்டும் அகரம். கீழே பக்கம்பக்கமாக இரு புள்ளிகள் த்ஸேரே, முக்கோணமாக மூன்று ஸெகோல்: இரண்டும் எகரம். கீழே ஒற்றைப் புள்ளி ஹிரிக்: இகரம். இடப்பக்க மேற்புள்ளி ஹோலம்: ஒகரம். கீழே சாய்வாக மூன்று புள்ளிகள் குபுத்ஸ், வாவின் நடுவே புள்ளி ஷுருக்: இரண்டும் உகரம். குறில் நெடில் என்று இவற்றைப் பிரிக்கும் பாடமுறை 12ஆம் நூற்றாண்டில் யோசேப்பு கிம்ஹி வகுத்தது. இலக்கணத்துக்கு உதவும், ஆனால் இன்றைய பேச்சில் நீளம் பொருளை மாற்றாது. அரபியிலிருந்து வருபவர் நீட்டுவதை இங்கே விட்டுவிடலாம்.

படி 3. வாவ். இது வ-வாகவும் இருக்கலாம், ஒ, உ ஆகவும் இருக்கலாம். தீர்க்கும் கேள்வி ஒன்றே: முந்தைய எழுத்துக்கு ஏற்கெனவே குறி இருக்கிறதா? இருந்தால் வாவ் ஒரு மெய். மித்ஸ்வோத் (கட்டளைகள்), மத்ஸோத் (புளிப்பில்லா அப்பங்கள்) என்ற இரண்டும் மேம், த்ஸாதே, வாவ், தாவ் என்ற அதே நான்கு எழுத்துகளில் எழுதப்படுகின்றன. இரண்டிலும் வாவோடு மேற்புள்ளி. முதலாவதில் த்ஸாதேயின் கீழ் ஷ்வா இருக்கிறது, ஆகவே வாவ் 'வோ'. இரண்டாவதில் த்ஸாதேக்கு உள்ளே தகேஷ் மட்டும் உண்டு, உயிர்க்குறி இல்லை. ஆகவே வாவ் அதன் ஒகரமாகிறது. தகேஷை உயிர்க்குறியாக எண்ணிவிட்டால் இந்தச் சோதனை தவறிப்போகும்.

படி 4. ஷ்வா. கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக இரு புள்ளிகள். சில இடத்தில் மௌனம், சில இடத்தில் சிறு எகரம். அசையை மூடினால், அதாவது அசையின் கடைசி மெய்யின் கீழ் வந்தால், மௌனம். இரண்டு ஷ்வாக்கள் நடுச்சொல்லில் அடுத்தடுத்து வந்தால் முதலாவது மௌனம், இரண்டாவது ஒலிக்கும்: யிஷ்மெரு. சொல்லின் தொடக்கத்தில் வந்தால் இலக்கணப்படி ஒலிக்க வேண்டும். ஆனால் இன்றைய பேச்சு அதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும்: ஸ்ஃபாரிம் (நூல்கள்), க்ஃபார் (ஊர்). யோத், லாமெத், மேம், நூன், ரேஷ் முதலெழுத்தானால் எகரம் கேட்கும்: யெலாதிம், லெவானா, மெலாஹிம், நெஷாமா, ரெஹோவ். ஸ்ஃபாரிம் என்பதைத் தமிழ் நாக்கு 'ஸிஃபாரிம்' ஆக்கப் பார்க்கும். இகரம் அங்கே இல்லை.

படி 5. ஒகரமாக ஒலிக்கும் கமத்ஸ். அழுத்தம் பெறாத, மெய்யால் மூடிய அசையில் கமத்ஸ் வந்தால் அது 'ஒ'. ஹெத், காஃப், மேம், ஹே எழுதி ஹெத்தின் கீழ் கமத்ஸ், காஃபின் கீழ் ஷ்வா, மேமின் கீழ் கமத்ஸ் வைத்தால், ஹொஹ்மா (ஞானம்) என்று வாசிக்கலாம், ஹாஹெமா (அவள் அறிவுள்ளவளானாள்) என்றும் வாசிக்கலாம். விவிலியப் பிரதிகளில் இரண்டாவதன் முதல் கமத்ஸுக்குப் பக்கத்தில் மெதெக் என்ற சிறு நிமிர்ந்த கோடு இருக்கும். அது இருந்தால் அசை திறந்தது, அகரம். இல்லாவிட்டால் ஒகரம். இப்போது பல பிரார்த்தனை நூல்கள் ஒகரக் கமத்ஸின் காலை நீட்டி அச்சிடுகின்றன. புதிதாகக் கற்பவர் அப்படி அச்சிட்ட நூலையே தேடி வாங்குவது மிகவும் நல்லது.

படி 6. இறுதியில் முந்திக்கொள்ளும் பத்தாஹ். சொல் ஹெத்தில், அயினில் அல்லது ஒலிக்கும் ஹேயில் முடிந்து, அதன் கீழே பத்தாஹ் இருந்து, முன்னால் அகரமல்லாத உயிர் வந்தால், அந்தப் பத்தாஹை எழுத்துக்கு முன்னால் ஒலிக்க வேண்டும். காற்று என்பது ருஅஹ், 'ருஹ' ஆகாது. ஆப்பிள் தப்புஅஹ். தமிழ் விவிலியத்தின் நோவா எபிரேயத்தில் நோஅஹ். எழுத்து முதலில், குறி அடுத்து என்ற விதிக்கு இது ஒன்றே மாறு.

எழுத்து ஒன்று, குறி வேறொன்று

தேவனின் திருப்பெயரான யோத், ஹே, வாவ், ஹே என்ற நான்கெழுத்தை யூதர்கள் உச்சரிப்பதில்லை. அந்த இடத்தில் அதோனாய் (என் ஆண்டவர்) என்று வாசிப்பார்கள். அதை நினைவூட்ட அதோனாய் என்பதன் குறிகளை அந்த நான்கெழுத்தின்மேல் வைத்தார்கள். அலெஃபுக்குரிய குறி யோத்தின் கீழ் எளிய ஷ்வாவானது. இந்த ஏற்பாட்டை அறியாமல் எழுத்தையும் குறியையும் சேர்த்து வாசித்ததில் பிறந்ததுதான் யெகோவா என்ற வடிவம். விவிலிய எபிரேயத்தில் இப்படி எழுத்து ஒன்றும் வாசிப்பு வேறுமாக வரும் சொற்கள் பல. பக்க ஓரத்துக் குறிப்பில் வாசிக்க வேண்டிய எழுத்துகள் இருக்கும், பக்கத்துக்குள் அதற்குரிய குறிகள் இருக்கும். குறிகள் எழுத்தோடு ஒட்டாதபோது முதலில் ஓரத்தைப் பாருங்கள்.

தட்டச்சும், குறியில்லா வாசிப்பும்

கையால் எழுதும்போது சொல்லின் எழுத்துகளை முழுதும் எழுதிவிட்டு, வலமிருந்து இடமாகக் குறிகளை வையுங்கள். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் உடனே அதன் குறியைத் தட்ட வேண்டும். விண்டோஸின் அரபி விசைப்பலகையில் ஷிஃப்டுடன் கியூ ஃபத்ஹா, ஏ கஸ்ரா, ஈ ளம்மா, எக்ஸ் ஸுகூன். குறி எழுத்தைவிட்டு விலகிப் பக்கத்தில் நின்றால் பெரும்பாலும் எழுத்துருவின் குறை. எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். எபிரேயத்தில் ஒகரக் கமத்ஸுக்கு யூனிகோடில் தனி இடம் இருக்கிறது.

செய்தித்தாள்கள் இரு மொழியிலும் குறியின்றியே வரும்; தோராச் சுருளிலும் குறி இல்லை, வாசிப்பவர் குறியிட்ட நூலில் முன்கூட்டியே பயின்று வருவார். எபிரேயம் குறி இல்லாத இடத்தை ஈடுகட்டக் கூடுதலாக வாவும் யோத்தும் சேர்த்து எழுதும். ஆகவே அகராதியில் தேடிய சொல் கிடைக்காவிட்டால் அந்த இரண்டையும் நீக்கித் தேடிப் பாருங்கள். அரபிச் செய்தியில் ஒரே ஒரு குறி தனியாக நின்றால் அதை விடாதீர்கள். வினைச்சொல்லின் முதலெழுத்தில் தனித்து நிற்கும் ளம்மா, பெரும்பாலும் அது செயப்பாட்டு வினை என்பதைச் சொல்கிறது: கதப என்றால் எழுதினான், குதிப என்றால் எழுதப்பட்டது. தனித்து நிற்கும் ஷத்தா, தரஸ (படித்தான்) அன்று, தர்ரஸ (கற்பித்தான்) என்கிறது.